ஜப்பானில் ஒரே ஒரு பெரிய விருந்து: எந்த உணவகத்தைத் தேர்ந்தெடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவுக்கோ கியோட்டோவுக்கோ விமான டிக்கெட் எடுத்த கையோடு நண்பர்களும் உறவினர்களும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பவை இவை. பயணம் முழுக்க ராமென் கடையிலும் ரயில் நிலையத்து உணவுப் பெட்டியிலும் பிழைத்துக்கொண்டு, ஒரே ஒரு வேளைக்கு மட்டும் தாராளமாகச் செலவழிக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு வேளைக்குத்தான் பணம் ஒதுக்கியிருக்கிறேன். எந்த உணவகத்துக்குப் போகட்டும்?

உணவகத்தின் பெயர் கடைசியில் வரட்டும். எந்த வகைச் சமையல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஜப்பானில் சுஷி, அதாவது வினிகர் கலந்த சோற்றுப் பிடிமேல் மீன் துண்டு வைத்தது, செய்பவர் அதை மட்டுமே செய்வார். டெம்புரா பொரிப்பவர் வாழ்நாள் முழுக்க அதையேதான் பொரிப்பார். விலாங்கு மீனுக்கு ஒரு கடை, கோழிக்கு ஒரு கடை, சோபா நூடுல்ஸுக்கு ஒரு கடை. இட்லியும் நெய்ரோஸ்ட்டும் கோபி மஞ்சூரியனும் ஒரே சமையலறையிலிருந்து வந்து பழகிய நாம் 'ஜப்பானிய உணவகம்' என்று பொதுவாகத் தேடுவோம். பட்டியலில் சுஷி கடையும், தட்டுத் தட்டாக விருந்து பரிமாறும் கைசேகி வீடும் அடுத்தடுத்து வரும், இரண்டுக்கும் இரண்டிரண்டு நட்சத்திரம் இருக்கும், குழம்பிப்போவோம். வீணைக் கச்சேரியையும் நாதஸ்வரக் கச்சேரியையும் மதிப்பெண் போட்டு ஒப்பிட முடியுமா?

பச்சை மீனை விரும்பிச் சாப்பிடுபவர், அதுவும் வாரம் ஒருமுறையாவது சாப்பிடுபவர், சுஷி கவுன்ட்டருக்குப் போகலாம். பச்சை மீனை இரண்டு மூன்று துண்டுக்கு மேல் ரசிக்க முடியாதவர் கைசேகிக்குப் போகட்டும். சமையல்காரரின் கைவேலையைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசை, ஆனால் இருபது துண்டு சுஷி வேண்டாம் என்பவருக்கு கப்போ இருக்கிறது. என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேரை நான் கப்போவுக்குத்தான் அனுப்புகிறேன்.

கைசேகி என்கிறார்களே, சரியாக என்ன அது?

ஒரே உச்சரிப்பில் இரண்டு சொற்கள் இருக்கின்றன, எழுத்து வேறு. ஒன்று தேநீர்ச் சடங்குக்கு முன்னால் பரிமாறும் எளிய உணவு. அந்தச் சொல்லுக்கு 'மடியில் வைத்த கல்' என்று பொருள். பசி தெரியாமலிருக்க ஜென் துறவிகள் சூடான கல்லைத் துணியில் சுற்றி அங்கிக்குள் வைத்துக்கொள்வார்களாம். பசித்தால் வயிற்றில் ஈரத்துணி கட்டிக்கொண்டு படுப்பதாக நம் பக்கம் சொல்வார்கள், அங்கே சுடுகல். மற்றொன்று மதுவோடு சாப்பிடும் விருந்து. தேநீர்க் கைசேகியில் சோறு முதலிலேயே வந்துவிடும். விருந்துக் கைசேகியில் அது கடைசியில்தான் வரும். உணவகங்களில் இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை, முதலாவதின் சாயலோடு.

நம் பந்தியில் உப்பு முதல் பாயசம் வரை எல்லாம் இலையில் கண்ணுக்கு முன்னால் இருக்கும். எதை எப்போது தொடுவது என்பது சாப்பிடுபவர் இஷ்டம். கைசேகியில் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது வரும். முதலில் ஒரு கைப்பிடிக்கும் குறைவான தொடக்கப் பதார்த்தம், பிறகு மூடிபோட்ட கிண்ணத்தில் சூப், பச்சை மீன், பருவத்தின் சின்னச் சின்னப் பண்டங்களை அடுக்கிய 'ஹஸ்ஸுன்' தட்டு, சுட்டது, வேகவைத்தது, கடைசியில் சோறும் ஊறுகாயும் மிசோ சூப்பும், அதன்பின் பழம். வரிசை கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். ஹஸ்ஸுன் என்றால் எட்டு 'ஸுன்' என்று பொருள். ஒரு ஸுன் மூன்று சென்டிமீட்டர் அளவு. ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் சதுரத் தட்டின் பெயரே பதார்த்தத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரு கைசேகி வீட்டின் தரம் எனக்குத் தெரிவது மூடிபோட்ட கிண்ணத்தில்தான். கியோட்டோவில் ஒரு ஜூலை இரவு, எட்டே நாற்காலி உள்ள ஒரு கடை. சமையல்காரர் 'ஹாமோ' என்ற விலாங்கு வகை மீனைப் பலகையில் விரித்துப் போட்டு, கனத்த கத்தியால் ஜரக் ஜரக் என்று கீறிக்கொண்டே போனார். உடம்பெல்லாம் மயிரிழை முள் உள்ள மீன் அது. தோல் அறுபடாமல், சதையோடு முள்ளை மட்டும் நறுக்க வேண்டும். ஒரு ஸுன் நீளத்துக்கு 24 வெட்டு விழ வேண்டும் என்பது தொழில் கணக்கு. பிறகு மாவு தூவிக் கொதிநீரில் போட்டதும், சுருண்டு கிடந்த துண்டு செவ்வந்திப் பூவாக விரிந்தது. அதைக் கருப்பு அரக்குக் கிண்ணத்தில் வைத்துத் தெளிந்த சாற்றை ஊற்றி மூடிக் கொடுத்தார். மூடி திறக்க வரவில்லை. நீராவி பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த பாட்டி என் தவிப்பைப் பார்த்துவிட்டு, கிண்ணத்தின் பக்கங்களை இரண்டு விரலால் மெல்ல அமுக்கிக் காட்டினார். 'பக்' என்று விட்டது. யூஸு எலுமிச்சைத் தோலின் மணம்தான் முதலில் வந்தது. அதன்பின் வந்த ஏழு எட்டுப் பதார்த்தங்களில் பாதி எனக்கு நினைவில்லை.

கப்போ என்பது கைசேகியிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

சமையலின் இலக்கணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். உட்காரும் இடம் வேறு. கைசேகி வீட்டில் தனி அறை, பாய் விரித்த தரை, கிமோனோ அணிந்து பரிமாறும் பெண்மணி, சன்னலுக்கு வெளியே தோட்டம். சமையல்காரரை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். கப்போவில் அவருக்கு நேர் எதிரே உட்காருவீர்கள். 'வெட்டுதல், கொதிக்கவைத்தல்' என்பதுதான் அந்தச் சொல்லின் பொருளே.

தனியாகப் பயணம் செய்பவர் யோசிக்கவே வேண்டாம், கவுன்ட்டர்தான். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பது அலுப்பு. பல கைசேகி வீடுகள் ஒருவருக்கு மட்டும் அறை ஒதுக்குவதும் இல்லை. வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்குத் தனி அறை வசதி, ஆனால் தரையில் உட்கார வேண்டியிருக்குமா, கால் தொங்கவிடும் பள்ளம் உண்டா, நாற்காலி போடுவார்களா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். முழங்கால் வலியோடு எந்தச் சாற்றையும் ரசிக்க முடியாது.

மிஷலின் நட்சத்திரத்தை எவ்வளவு நம்பலாம்?

ஓரளவுக்கு. உணவகங்களுக்கு மூன்று வரை நட்சத்திரம் போடும் மிஷலின் வழிகாட்டி டோக்கியோவுக்கு முதன்முதலாக வந்தது 2007 நவம்பரில். அந்த முதல் பதிப்பிலேயே 150 உணவகங்களுக்கு 191 நட்சத்திரங்களை வாரி வழங்கினார்கள். எட்டு உணவகங்களுக்கு மூன்று நட்சத்திரம். கியோட்டோ, ஒசாகாவுக்கு 2009இல் வந்தார்கள். இன்று உலகிலேயே அதிக நட்சத்திர உணவகங்கள் உள்ள நகரம் டோக்கியோதான். அங்கே ஒரு நட்சத்திரம் வாங்கிய கடை சாதாரணக் கடை என்று நினைத்துவிடாதீர்கள்.

நட்சத்திரம் இல்லாததும் ஒரு குறையில்லை. டோக்கியோவின் கின்ஸாவில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் பத்து நாற்காலியோடு இருக்கும் சுகியாபாஷி ஜிரோவும், ரொப்போங்கி பக்கத்து சுஷி சைதோவும் மூன்று நட்சத்திரம் வைத்திருந்தவை. 2019 இறுதியில் வந்த பதிப்பில் இரண்டும் இல்லை. சுவை குறைந்ததென்று யாரும் சொல்லவில்லை. பொதுமக்களிடமிருந்து முன்பதிவு வாங்காத கடையை வழிகாட்டியில் சேர்ப்பதில்லை என்பதுதான் காரணம். வாடிக்கையாளர்களே எல்லா நாற்காலிகளையும் நிரப்பிவிடும் கடைகள் அங்கே நிறைய உண்டு.

ஜப்பானியர்களே பெரிதும் பார்ப்பது 'தாபெலோக்' என்ற இணையதளத்தின் மதிப்பெண்ணை. ஐந்துக்குப் போடுகிறார்கள். 3.5 என்று பார்த்ததும் நம் உணவு செயலிகளின் பழக்கத்தில் முகம் சுளிக்காதீர்கள். 3.5 அங்கே நல்ல கடை. நான்கைத் தாண்டுவது அபூர்வம். நான் இரண்டையும் பார்ப்பேன். இரண்டிலும் நல்ல பெயர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். மிஷலினில் பெரிய பெயர், தாபெலோக்கில் மந்தம் என்றால், அது வெளிநாட்டுப் பயணிகளை நம்பி நடக்கும் இடமோ என்று கொஞ்சம் சந்தேகப்படுவேன்.

ஜிரோ கடைக்கே போய்விட்டால் என்ன?

1925இல் பிறந்த சுஷி சமையல்காரர் ஜிரோ ஓனோவைப் பற்றி 2011இல் வந்த ஆவணப்படம் அவரை உலகப் புகழாக்கியது; 2014 ஏப்ரலில் ஜப்பானியப் பிரதமர் அபே, அமெரிக்க அதிபர் ஒபாமாவை அங்கேதான் அழைத்துப் போனார். ஆனால் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் இருபது துண்டு சுஷியை அரை மணி நேரத்தில் வைத்து முடிக்கும் பாணி அது. நிதானமான விருந்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். முதல்முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. அங்கே பல ஆண்டுகள் பயின்றவர் நடத்தும் ஹருதகா கின்ஸாவிலேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் மூன்றாவது நட்சத்திரம் பெற்றது. அங்கும் கூட்டம்தான், ஆனால் கதவு அடைத்துக் கிடக்கவில்லை.

இரண்டு சுஷி கடைகளுக்கு நடுவே எப்படி முடிவெடுப்பது?

மீனை வைத்து முடிவெடுக்காதீர்கள். உயர்ந்த கடைகள் எல்லாமே டோக்கியோவின் டோயோசு மீன் சந்தையின் நல்ல வியாபாரிகளிடம்தான் வாங்குகின்றன. வித்தியாசம் சோற்றில் இருக்கிறது. சில கடைகளில் வெள்ளைச் சோறு, அரிசி வினிகர், மென்மையான புளிப்பு. சில கடைகளில் சாகே என்ற அரிசி மது வடித்த சக்கையைப் பல ஆண்டு ஊறவைத்து எடுக்கும் சிவப்பு வினிகர். சோறு இலேசான பழுப்பாக, புளிப்பும் உப்பும் தூக்கலாக இருக்கும். பழைய சோற்றின் புளிப்பிலும் புளியோதரையிலும் வளர்ந்த நாக்குக்கு இரண்டாவது வகை சட்டென்று பிடித்துப்போகும் என்பது என் அனுபவம். கொழுத்த சூரை மீன் வயிற்றுத் துண்டுக்கு அந்தப் புளிப்பு வேண்டும். மெல்லிய வெள்ளை மீனுக்கு வெள்ளைச் சோறுதான் சரி என்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து, பரிமாறும் முறை. நேராக சுஷியில் ஆரம்பித்து சுஷியில் முடிக்கும் கடைகள் உண்டு. முதலில் ஏழெட்டுக் கொறிப்புகளும் பிறகு பத்துப் பன்னிரண்டு சுஷியும் தரும் கடைகளும் உண்டு. சாகே குடிப்பவருக்கு இரண்டாவது. குடிக்காதவருக்கு முதலாவதே போதும், பணமும் மிச்சம்.

பழைய எடோ பாணி (எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்) என்று சொல்லிக்கொள்ளும் கடையில் நான் காத்திருப்பது 'கோஹாடா' என்ற வெள்ளி நிறச் சிறு மீனுக்கு. விலை மலிவான மீன். உப்பில் எத்தனை நிமிடம், வினிகரில் எத்தனை நிமிடம் என்பது அன்றைய மீனின் கொழுப்பையும் வானிலையையும் பொறுத்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத 19ஆம் நூற்றாண்டில் டோக்கியோ விரிகுடா மீனைக் கெடாமல் வைக்கக் கண்ட வழி அது. கடல் முள்ளெலியையும் சூரை வயிற்றையும் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். கோஹாடாவைக் கைப்பழக்கத்தால்தான் செய்ய முடியும்.

பச்சை மீன் வேண்டவே வேண்டாம். வேறு என்ன இருக்கிறது?

டெம்புரா. பலகாரக் கடை எண்ணெய்ச் சட்டியோடு வளர்ந்தவர்கள் 'பஜ்ஜிக்கா இவ்வளவு காசு' என்பார்கள். கின்ஸாவில் ஃபுமியோ கொண்டோ நடத்தும் கடையில் ஒருநாள் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். இறாலுக்குச் சமமாகக் காய்கறிக்கு மரியாதை கொடுத்தவர் அவர். நூலாகச் சீவிய காரட் எண்ணெயில் விழுந்து ஒரு கொத்தாக எழும். தடித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை அரை மணி நேரம் நிதானமாகப் பொரித்து, காகிதத்தில் சுற்றி ஆறவிட்டு, நெடுக வெட்டிக் கொடுப்பார்கள். தனியாகச் சொல்லி வாங்க வேண்டும். நம் ஊரில் மார்கழிக் காலையில் வேகவைத்துத் தின்ற கிழங்கேதான். இத்தனை இனிப்பு அதற்குள் எங்கே இருந்தது என்று தோன்றும்.

கோழி சாப்பிடுபவர்களுக்கு யாகிடோரி. மெகுரோவின் தொரிஷிகி போன்ற இடங்களில் கரி அடுப்பில் சுட்ட கோழிக் குச்சிக்கும் பெரிய பெயர் உண்டு. இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

நான் சுத்த சைவம். எனக்கு இந்தப் பேச்சே வீணா?

வீணில்லை. ஆனால் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் 'தாஷி' என்ற சாறு. அதில் இரண்டு பொருள்: ஒன்று 'கொம்பு'. நம் மாட்டுக்கொம்பு இல்லை, உலர்த்திய கடற்பாசி. மற்றொன்று 'கட்சுவோபுஷி'. ராமநாதபுரம், தூத்துக்குடிக்காரர்களுக்கும் யாழ்ப்பாணத்தவர்களுக்கும் இதை விளக்கவே வேண்டாம். நம் மாசிக் கருவாட்டின் உடன்பிறப்பு. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டையாகும்வரை உலர்த்துவது. நாம் இடித்துச் சம்பலில் போடுகிறோம். அவர்கள் காகிதம்போல் சீவி வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு வடிகட்டுகிறார்கள்.

ஆகவே 'காய்கறிதான்' என்று சொல்லி வைக்கும் கீரையிலும் கத்தரிக்காயிலும் மீன் சாறு இருக்கும். கடைசி நேரத்தில் மேசையில் உட்கார்ந்து 'நான் சைவம்' என்றால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. காலையிலேயே சாறு தயாராகிவிட்டிருக்கும். உயர்ந்த சுஷி கடைகளும் பெரும்பாலான கைசேகி வீடுகளும் சைவ முன்பதிவை மறுத்துவிடுவது இதனால்தான். அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கென்று இருப்பது 'ஷோஜின் ரியோரி', பௌத்த மடங்களின் சமையல். மீன் கிடையாது, இறைச்சி கிடையாது. சாறு கொம்பிலும் உலர்ந்த ஷிடாகே காளானிலும் எடுப்பது. வெங்காயம், பூண்டு வகையறாவும் விலக்கு. ஏகாதசி விரதச் சமையல் தெரிந்த வீடுகளுக்கு இந்தக் கண்டிப்பு புதிதாக இருக்காது. டோக்கியோவின் அதாகோ பகுதியில் 1950இல் தொடங்கிய டைகோ, இந்தச் சமையலை முழுக் கைசேகி வரிசையில் தோட்டம் பார்த்த அறைகளில் பரிமாறுகிறது. மிஷலின் நட்சத்திரமும் பெற்றது. அங்கும் மீன் சாறே கூடாது என்பதை முன்பதிவிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள். கியோட்டோவின் அராஷியாமாவில் தென்ரியூஜி கோவில் வளாகத்துக்குள் ஷிகெட்சு இருக்கிறது. அது ஆடம்பர உணவகம் இல்லை. மதியச் சாப்பாடு, செந்நிறத் தட்டுகள், பாய், அமைதி. விலையும் பெரிய உணவகங்களின் பக்கத்தில்கூட வராது. இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் ஷிகெட்சுவைச் சொல்வேன். எள்ளையும் மரவள்ளி போன்ற ஒரு கிழங்கு மாவையும் கிண்டிச் செய்யும் 'கோமதோஃபு' என்ற எள் தோஃபு வாயில் கரையும். பால் துளியும் கிடையாது.

மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன். சொல்ல வேண்டுமா?

கட்டாயம். கைசேகியின் நடுவில் வாக்யு மாட்டிறைச்சித் துண்டு வருவது இப்போது சகஜம். குளிர்காலத்தில் 'ஷிராகோ' என்று வெள்ளையாக, குழைவாக ஒன்று வரும்; அது ஆண் மீனின் விந்துப் பை. சாப்பிட்ட பிறகு தெரிந்துகொண்டு முகம் வெளிறிய ஒரு நண்பர் எனக்கு உண்டு. எனக்குப் பிடிக்கும். ஒத்துக்கொள்ளாதது, சாப்பிடாதது எல்லாவற்றையும் முன்பதிவுப் படிவத்தில் எழுதிவிடுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

டோக்கியோவின் பெயர்பெற்ற சுஷி கவுன்ட்டரில் இரவுச் சாப்பாடு ஆளுக்கு 30,000 முதல் 60,000 யென் வரை. பெரிய கைசேகி வீடுகளும் அதே அளவில்தான். அராஷியாமாவின் கிச்சோ போன்ற சில இடங்கள் அதற்கும் மேல். சமீப ஆண்டுகளில் 100 யென் சுமார் 55, 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 40,000 யென் என்பது இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். பானம் தனி. 10 சதவீத வரி உண்டு. பல இடங்களில் 10, 15 சதவீதம் சேவைக் கட்டணமும் சேரும். டிப்ஸ் கிடையாது, மேசையில் வைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள்.

கையைக் கடிக்கிறது என்றால் மதியம் போங்கள். அதே சமையலறை, அதே சாறு, பதார்த்தங்கள் கொஞ்சம் குறைவு, விலை பல இடங்களில் பாதி. இரவு விருந்துக்கு நான் பணம் கொடுப்பது பெரும்பாலும் விளக்கொளிக்காகத்தான் என்று சில சமயம் தோன்றும். கியோட்டோவில் நான்ஜென்ஜி கோவிலருகே இருக்கும் ஹியோதெய் இன்னும் ஒரு படி மேலே போய், காலைக் கஞ்சியையே விருந்தாக்கியிருக்கிறது. யாத்திரிகர்களுக்கான தேநீர்க் குடிலாகத் தொடங்கி நானூறு ஆண்டுகள் ஆன இடம், உணவகமானது 1837இல். வெள்ளைக்கரு இறுகி மஞ்சள் கரு தளதளவென்று இருக்கும் அரை வேக்காட்டு முட்டை அவர்களுடைய அடையாளம். கஞ்சிக்கு இத்தனை தூரமா என்று கேட்பவர்கள் போக வேண்டாம். கஞ்சியின் அருமை தெரிந்தவர்கள் போகலாம்.

டோக்கியோவா, கியோட்டோவா?

சுஷிக்கும் டெம்புராவுக்கும் டோக்கியோ. இரண்டும் எடோ நகரத்துத் தெருக்கடைப் பண்டங்களாக வளர்ந்தவை. கைசேகிக்குக் கியோட்டோ. கடலிலிருந்து தள்ளி இருந்த தலைநகரம் அது. புது மீன் எளிதில் வராது; ஆகவே காய்கறியும் தோஃபுவும் உப்பிட்ட கானாங்கெளுத்தியும் சாறுமாகச் சமையல் நுணுகியது. கோடையிலும் உயிரோடு வந்து சேரும் அளவுக்குக் கெட்டி உயிர் ஹாமோவுக்கு மட்டும் இருந்தது. அதனால்தான் அந்த முள் மீனோடு இத்தனை மல்லுக்கட்டு. ஜூலையில் நடக்கும் கியோன் திருவிழாவுக்கு 'ஹாமோ திருவிழா' என்றே செல்லப்பெயர் உண்டு.

கியோட்டோவுக்கு முதல்முறை என்றால் 1912இல் தொடங்கிய கிகுனோய் நல்ல வாசல். மூன்றாம் தலைமுறை உரிமையாளரான யோஷிஹிரோ முராதா, ஜப்பானிய உணவு மரபை 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர். தலைமைக் கடை தனி அறைகள் கொண்டது. கவுன்ட்டரில் உட்கார விரும்பினால் அவர்களுடைய ரோவான் கிளை. வெளிநாட்டவரைக் கண்டு தயங்காத வீடு. கியோட்டோவுக்கே போக முடியாதவர்கள் டோக்கியோவின் காகுரசாகாவில் இஷிகாவாவைப் பார்க்கலாம். கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் கருப்பு மரச்சுவர்.

மரபெல்லாம் எதற்கு, சிரித்துக்கொண்டு சாப்பிட வேண்டும் என்பவர்களுக்கு டோக்கியோவின் டென். ஸாயு ஹாசேகாவா பொரித்த கோழி இறக்கையை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார். உள்ளே சோறு அடைத்திருக்கும். 2022இல் ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பெற்றது அந்தக் கடை.

எந்த மாதம் போனால் நல்லது?

பயணத் தேதி ஏற்கெனவே முடிவாகியிருந்தால், அந்த மாதத்துக்கு ஏற்ற சமையலைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரலில் மூங்கில் குருத்து, கைசேகிக்கு அருமையான நேரம். ஜூன் முதல் 'அயு' என்ற ஆற்று மீன், குடலோடு உப்பிட்டுச் சுட்டது, இலேசான கசப்பு. ஜூலையில் ஹாமோ. அக்டோபரில் மட்சுதாகே காளான். நவம்பர் 6 முதல் ஜப்பான் கடல் பக்கத்து நண்டு. அந்த வாரம் விலையும் எகிறும். குளிர்காலத்தில் ஃபுகு மீன், கொழுத்த சூரை. ஆகஸ்ட் நடுவிலும் புத்தாண்டு நாட்களிலும் பல கடைகள் மூடிவிடும். டோயோசு சந்தைக்கு ஞாயிறும் பல புதன்கிழமைகளும் விடுமுறை. சுஷி கடைகளும் அதை ஒட்டியே மூடும்.

முன்பதிவு எப்படிச் செய்வது? ஏன் இவ்வளவு கெடுபிடி?

கெடுபிடிக்குக் காரணம் எளிது. எட்டு நாற்காலி உள்ள கடையில் இரண்டு பேர் வராவிட்டால் அன்றைய வரவில் கால்வாசி போய்விட்டது. காலையில் வாங்கிய மீனும் வீண். அதனால்தான் முன்கூட்டியே கடன் அட்டை எண் கேட்கிறார்கள். கடைசி ஓரிரு நாளில் ரத்துசெய்தால் முழுத் தொகையும் பிடித்துக்கொள்கிறார்கள். இரவில் இரண்டு பந்தி வைக்கும் கடைகளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முதல் துண்டு வரும். இருபது நிமிடம் தாமதமாகப் போனால் மூன்று பதார்த்தம் போயிற்று.

ஆங்கிலத்தில் பதிவு செய்ய டேபிள்செக், ஒமகாசே, டேபிள்ஆல், பாக்கெட் கான்சியர்ஜ் ஆகிய தளங்கள் உள்ளன. சிலவற்றில் ஆளுக்கு இத்தனை யென் என்று கட்டணம் உண்டு. ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன் குறிப்பிட்ட தேதியில் திறந்து சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், தீபாவளி ரயில் டிக்கெட் கதைதான். நல்ல ஹோட்டலில் தங்குகிறீர்கள் என்றால் அங்குள்ள வரவேற்பு உதவியாளரிடம் கேளுங்கள். அவர் பெயரில் கேட்டால் கடைக்காரர்கள் நம்புவார்கள். கியோட்டோவில் தெரிந்தவர் சொல்லாமல் புது ஆளைச் சேர்க்காத பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் கதவுகளை முட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எப்படி நடந்துகொள்வது?

வாசனைத் திரவியம் பூச வேண்டாம். இது ஒன்றுதான் மன்னிக்கப்படாத குற்றம். மல்லிகைச் சரமும் அன்றைக்கு வேண்டாம். கடிகாரம், மோதிரம், கைபேசி எதையும் மரக் கவுன்ட்டரில் தட்டென்று வைக்காதீர்கள். ஒரே மரத்தில் இழைத்த பலகை. செருப்பைக் கழற்ற நேரிடும், ஓட்டை இல்லாத காலுறை போட்டுக்கொள்ளுங்கள். சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம். நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வைத்ததும் சாப்பிட வேண்டும். சோறு உடம்புச் சூட்டில் இருக்கும்போது வைக்கிறார். படம் எடுத்து முடிப்பதற்குள் அது ஆறிவிடும்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

பெரும்பாலான கவுன்ட்டர்களில் சேர்க்க மாட்டார்கள். தனி அறை உள்ள இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். என் யோசனை, பாட்டியிடம் விட்டுவிட்டுப் போங்கள்.

ஒரே நாளில் மதியம் ஒன்று, இரவு ஒன்று?

நான் செய்திருக்கிறேன். மதியம் சுஷி, இரவு கைசேகி. இரவு மூன்றாவது பதார்த்தத்திலேயே எனக்கு மூச்சு முட்டியது. மீதியை வைக்கவும் வெட்கம், விழுங்கவும் முடியவில்லை. எதிரே நின்றவர் ஒன்றும் கேட்காமல் அடுத்தடுத்த தட்டுகளின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். இரண்டு பெரிய சாப்பாட்டுக்கு நடுவே குறைந்தது ஒரு நாள் இடைவெளி விடுங்கள். அந்த நாளில் சோபா போதும்.

இத்தனை சின்னத் தட்டுகள். வயிறு நிறையுமா? மிஞ்சினால் கட்டிக் கொடுப்பார்களா?

நிறையும். பத்துப் பன்னிரண்டு தட்டுக்குப் பிறகு மண்சட்டியைத் திறந்து, உங்களுக்காகவே அப்போது வடித்த சோற்றைக் காட்டுவார்கள். மீனோ காளானோ மூங்கில் குருத்தோ போட்டு வேகவைத்தது. அடியில் பிடித்த பொன்னிறக் காந்தலைக் கொஞ்சம் சுரண்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், சந்தோஷமாகத் தருவார்கள். இரண்டு கிண்ணத்துக்கு மேல் என்னால் முடிந்ததில்லை.

மற்றதைக் கட்டித் தர மாட்டார்கள், ஆனால் சட்டியில் மிஞ்சிய சோற்றைப் பல கடைகளில் உருண்டையாகப் பிடித்து மூங்கில் பட்டையிலோ காகிதத்திலோ சுற்றிக் கையில் கொடுப்பார்கள். மறுநாள் காலை கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்குப் போகும் ஷின்கான்சென் ரயிலில் அதைப் பிரித்தேன். இரவு நாற்பதாயிரம் யென் கொடுத்த விருந்தின் மிச்சம், குளிர்ந்து இறுகிய ஒரு சோற்று உருண்டை. பக்கத்து இருக்கைக்காரர் நிலையத்தில் வாங்கிய உணவுப் பெட்டியை மூடிவைத்துவிட்டு, எந்தக் கடை என்று கேட்டார்.